மின்சார ஃபோர்க்லிஃப்ட் தெரிவு

மின்சார ஃபோர்க்லிஃப்ட் என்பது, மின்கலத் தொகுதியில் இருந்து பெறும் ஆற்றலால் இயங்கி, முன்புறம் நீண்டிருக்கும் இரு எஃகுக் கவைகளின் மீது சுமையைத் தாங்கி, உயர்த்தி, இடம் மாற்றும் ஊர்தி ஆகும். தமிழில் இதனைக் கவைத்தூக்கி என்றும் பாரந்தூக்கி என்றும் எழுதுவர். எனினும் கிடங்குகளில் வேலை செய்வோரிடையே ஃபோர்க்லிஃப்ட் என்ற சொல்லே வழங்குகின்றது. டீசல், எரிவளி ஆகியவற்றால் இயங்கும் வகைகளும் உண்டு. மூடிய கிடங்குகளில் புகையும் இரைச்சலும் இல்லாத மின்சார வகையே பெரிதும் விரும்பப்படுகின்றது.

ஒரு கிடங்குக்கு ஃபோர்க்லிஃப்ட் வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை டன் தூக்கும்?" என்பதாகும். இக்கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை இல்லை. ஒரே இயந்திரம் ஒரு பேலட்டை எளிதாகத் தூக்கிவிட்டு, அதே எடையுள்ள வேறொரு பேலட்டைத் தூக்கும்போது முன்புறம் கவிழக்கூடும். ஏன் அவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்துகொண்டால், இயந்திரத் தெரிவின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

வரலாறு

1906 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா இரயில்பாதை நிறுவனம், அல்தூனா நிலையத்தில் பயணிகளின் மூட்டைகளைக் கொண்டுசெல்ல மின்கலத்தால் ஓடும் தள்ளுமேடைகளைப் பயன்படுத்தியது. 1917 இல் கிளார்க் நிறுவனம் தன் சொந்தத் தொழிற்சாலையின் தேவைக்காக டிரக்டிராக்டர் என்னும் ஊர்தியை உருவாக்கியது. உயர்த்தும் கவைகளும் நிமிர்ந்த தூணும் கொண்ட மின்சார ஊர்தியை 1923 இல் யேல் நிறுவனம் வெளியிட்டது. சீரான அளவுள்ள பேலட்டுகள் பரவிய பின்னரும், குறிப்பாக இரண்டாம் உலகப் போரில் படைத்தளவாடங்களைக் கையாள நேர்ந்தபோதும், இவ்வூர்தி உலகெங்கும் நிலைபெற்றது.

சுமை மையமும் உண்மையான தூக்குதிறனும்

கிணற்றில் நீர் இறைக்கும் துலாவின் பின்முனையில் கல் கட்டப்பட்டிருப்பதைக் கண்டவர்களுக்கு, ஃபோர்க்லிஃப்டின் தத்துவம் புதிதன்று. இங்கே முன் சக்கரங்களின் அச்சே தாங்குபுள்ளி. அதற்கு முன்னால் கவையின் மீது சுமை உள்ளது. பின்னால், உடலோடு சேர்ந்த வார்ப்பிரும்பு எதிர் எடையும் பேட்டரியும் உள்ளன. டீசல் ஊர்தியில் எதிர் எடை முழுவதும் இரும்பாக இருக்க, மின்சார ஊர்தியில் ஈய அமிலப் பேட்டரியின் எடையும் அந்த வேலையில் பங்கு கொள்கின்றது.

துலாவைப் போலவே இங்கும் எடையோடு தொலைவும் கணக்கில் வரும். கவையின் நிமிர்ந்த முகப்பில் இருந்து சுமையின் புவியீர்ப்பு மையம் வரை உள்ள கிடைத்தொலைவு, சுமை மையத் தொலைவு எனப்படும். 1 டன் முதல் 5 டன்னுக்குக் கீழ் வரையான ஊர்திகளுக்கு இத்தொலைவு 500 மில்லிமீட்டர் எனக் கொண்டே தூக்குதிறன் குறிக்கப்படுவது வழக்கம். அமெரிக்காவில் இது 24 அங்குலம், அதாவது ஏறத்தாழ 610 மில்லிமீட்டர். ஆகவே இரு நாட்டுப் பட்டியல்களில் உள்ள எண்களை அப்படியே ஒப்பிடுதல் தவறாகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 500 மில்லிமீட்டரில் 1500 கிலோகிராம் தூக்கும் ஓர் ஊர்தியில், முன் அச்சில் இருந்து கவையின் முகப்பு வரை 400 மில்லிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். சுமைக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 900 மில்லிமீட்டர் ஆகின்றது. 1500 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 1350 கிடைக்கும். இந்தத் திருப்புதிறனே அவ்வூர்தியின் எல்லை. இப்போது 1200 × 1000 மில்லிமீட்டர் அளவுள்ள பேலட் ஒன்றில் சரக்கு சீராக அடுக்கப்பட்டுள்ளது. கவை 1000 மில்லிமீட்டர் ஆழமாக நுழையும் பக்கத்தில் எடுத்தால் சுமை மையம் 500 மில்லிமீட்டர். குறித்த 1500 கிலோகிராம் முழுவதையும் தூக்கலாம். அதே பேலட்டைத் திருப்பி, 1200 மில்லிமீட்டர் ஆழமுள்ள பக்கத்தில் எடுத்தால் மையம் 600 மில்லிமீட்டருக்குச் செல்கின்றது. 1350 ஐ 1.0 ஆல் வகுக்க, கிடைப்பது 1350 கிலோகிராமே. சரக்கு பேலட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்து மையம் 750 மில்லிமீட்டர் ஆனால், ஏறத்தாழ 1174 கிலோகிராம் மட்டுமே மிஞ்சும். பேலட்டின் எந்தப் பக்கம் ஓட்டுநரை நோக்கியுள்ளது என்பதே 150 கிலோகிராமைத் தீர்மானித்துவிடுகின்றது. பொறியியல் மாணவருக்கு இது முதலாண்டு நிலையியல் கணக்குத்தான்.

மேற்கண்ட கணக்கு தரையை ஒட்டிய நிலைக்கு உரியது. சுமை மேலே செல்லச் செல்லத் தூண் சற்று வளையும். சிறிய சாய்வும் பெரிய இடப்பெயர்ச்சி ஆகும். வண்டியை நிறுத்தும் போது ஏற்படும் உலுக்கல் மேலே பெருகும். இதனால் உயரம் கூடும்போது தூக்குதிறன் மேலும் குறைகின்றது. இதனை எஞ்சிய தூக்குதிறன் என்பர். சுமையைப் பக்கவாட்டில் நகர்த்தும் பொறி, காகித உருளைகளைக் கவ்வும் பிடி முதலிய துணைக்கருவிகளைப் பொருத்தினால் அவற்றின் எடையும் தடிப்பும் சேர்ந்து இன்னும் குறைக்கும். இவையெல்லாம் ஓட்டுநரின் கண்முன் உள்ள திறன் தகட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்கு புரிந்துகொள்வதற்கு மட்டுமே. தூக்கலாமா என்பதைச் சொல்ல உரிமையுள்ளது அந்தத் தகடு ஒன்றே. துணைக்கருவியைப் பின்னாளில் பொருத்துவோர் தகட்டையும் தயாரிப்பாளரிடம் கேட்டு மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நிலைப்பு முக்கோணம்

முன்புறம் கவிழ்வது மட்டும் ஆபத்தன்று. முன் சக்கரங்கள் இரண்டும், பின் அச்சின் நடுப்புள்ளியும் சேர்ந்து ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. ஊர்தியும் சுமையும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் இம்முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். மூன்று சக்கர வண்டிக்கு முக்கோணம், நான்கு சக்கர வண்டிக்குச் செவ்வகம் என்று எண்ணுவது பரவலான பிழை. நான்கு சக்கர வண்டியிலும் பின் அச்சு நடுவில் உள்ள முளையில் ஆடும்படி பொருத்தப்பட்டுள்ளதால், அச்சு தன் ஆட்டத்தின் எல்லையைத் தொடும்வரை அங்கும் முக்கோணமே செயல்படுகின்றது.

இதனால் ஒரு வியப்பான விளைவு உண்டு. சுமை இல்லாத வண்டியில் புவியீர்ப்பு மையம் பின்னோக்கி, அதாவது முக்கோணத்தின் குறுகிய முனைப்பக்கம் அமைகின்றது. எனவே வெறும் வண்டியை வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு, தாழ்வாகச் சுமை ஏற்றிய வண்டியைவிட அதிகம். தூணை உயர்த்தியபடி திரும்பினால் நிலைமை மேலும் மோசம். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1999 இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 தொழிலாளர்கள் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் இறப்பதாகவும், இறப்புகளில் 22 விழுக்காடு வண்டி கவிழ்வதாலும் 20 விழுக்காடு நடந்து செல்வோர் மீது மோதுவதாலும் நேர்வதாகவும் குறிப்பிட்டது. கவிழும் வண்டியில் இருந்து குதிப்பவர் மீது தலைக்காப்புக் கூரை விழுந்து நசுக்குகின்றது. இருக்கைப் பட்டையை அணிந்து, கைப்பிடியை இறுகப் பற்றி, கவிழும் திசைக்கு எதிராகச் சாய்ந்து உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கப்படுவது இதனாலேயே. வளைவில் தானாகவே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இன்றைய பல மின்சார வண்டிகளில் உள்ளது. விலைப்பட்டியலில் விருப்பத் தேர்வாக இருந்தாலும் அதனை விடாது கேட்டு வாங்குதல் நன்று.

வகைகளும் இடைவழி அகலமும்

அமெரிக்க வகைப்பாட்டில் முதல் மூன்று வகுப்புகள் மின்சார ஊர்திகளுக்கு உரியவை. எதிர் எடை கொண்டு அமர்ந்து ஓட்டுபவை முதல் வகுப்பு. குறுகிய இடைவழிக்கானவை இரண்டாம் வகுப்பு. நடந்து அல்லது நின்று ஓட்டும் பேலட் டிரக், ஸ்டாக்கர் முதலியவை மூன்றாம் வகுப்பு.

இவற்றுள் எதனைத் தெரிவது என்பதை, பெரும்பாலும் அடுக்குச் சட்டகங்களுக்கு இடையே விடப்பட்ட இடைவழியே முடிவு செய்துவிடுகின்றது. எதிர் எடை வண்டி, பேலட்டை எடுத்துக்கொண்டு செங்கோணத்தில் திரும்பி அடுக்க 3.5 முதல் 4 மீட்டர் வரை தேவைப்படும். மூன்று சக்கர வண்டி சற்றுக் குறைவான இடத்தில் திரும்பும். ரீச் டிரக் எனப்படும் வகையில் தூண் முன்னும் பின்னும் நகர்கின்றது. சுமையை எடுத்த பின் அதனைத் தன் இரு கால்களுக்கு இடையே இழுத்து வைத்துக்கொள்வதால் ஏறத்தாழ 2.8 மீட்டர் போதும். மிகக் குறுகிய இடைவழிக்கான வண்டிகள் திரும்புவதே இல்லை. கவை மட்டும் பக்கவாட்டில் திரும்பும். இவற்றுக்கு 1.6 முதல் 1.8 மீட்டர் வரை போதுமானது. ஆனால் தரை மிகமிகச் சமதளமாக இருக்க வேண்டும், வண்டியை வழிநடத்தத் தண்டவாளமோ தரையில் புதைத்த கம்பியோ தேவை. இடத்தில் மிச்சம் பிடித்த பணத்தின் ஒரு பகுதி தரைக்குச் சென்றுவிடும்.

தரவுத்தாளில் காணும் இடைவழி அகலத்தை அப்படியே நம்பிச் சட்டகங்களை நிறுவுதல் கூடாது. ஐரோப்பியத் தரவுத்தாள்களில் அவ்வெண் பொதுவாக மொத்தம் 200 மில்லிமீட்டர் பாதுகாப்பு இடைவெளியை மட்டுமே உள்ளடக்கியது. அதாவது பக்கத்துக்கு ஒரு சாண் கூட இல்லை. நாள் முழுவதும் வேலை செய்யும் ஓட்டுநருக்கு அதற்கு மேலும் இடம் விட வேண்டும். இல்லையேல் சட்டகக் கால்கள் இடிபடுவதில் அது தெரியவரும்.

ரீச் டிரக்கைத் தெரிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அதன் சிறிய, கடினமான பாலியூரித்தேன் சக்கரங்கள் வழவழப்பான உட்தரைக்கே ஏற்றவை. முற்றத்தின் மேடுபள்ளத்தில் இறக்க இயலாது. லாரியின் தள உயரத்துக்கு மேடை கட்டப்பட்ட கிடங்கில், லாரிக்குள் நுழைந்து பேலட்டை இழுத்துவர மின்சாரப் பேலட் டிரக்கும், அடுக்க ரீச் டிரக்கும் எனப் பிரித்துக்கொள்ளலாம். இந்தியாவில் பல கிடங்குகளில் அத்தகைய மேடை இருப்பதில்லை. லாரி தரை மட்டத்தில் நிற்க, பக்கவாட்டில் இருந்து சரக்கை இறக்க வேண்டியுள்ளது. அங்கே பெரிய சக்கரங்கள் கொண்ட எதிர் எடை வண்டி ஒன்று தவிர்க்க இயலாதது. ஒரே வண்டியால் இரண்டு வேலையையும் செய்ய வேண்டுமாயின், இடைவழியை அகலமாக்கிச் சில அடுக்குகளை இழக்கத்தான் வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை மூன்று அளவுகளை நாடாவால் அளந்துகொள்ளுதல் நன்று. முதலாவது, மேல் அடுக்கின் விட்டம். அது 6 மீட்டரில் இருந்தால், பேலட்டை விட்டத்துக்கு மேலே தூக்கி உள்ளே வைக்க ஏறத்தாழ 6.2 மீட்டர் தூக்குயரம் வேண்டும். இரண்டாவது, வண்டி கடந்து செல்ல வேண்டிய மிகத் தாழ்வான கதவு. தூணை முழுவதும் இறக்கிய நிலையில் உள்ள உயரம் அதனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மூன்றடுக்குத் தூண் இதற்கு உதவும். மூன்றாவது, கொள்கலனுக்குள் வேலை செய்வதாயின், உள் தூண் வெளியே நீளாமலே கவை எவ்வளவு உயரும் என்பது. இதனைத் தடையிலா உயர்த்தல் என்பர். இதனைக் கேட்காமல் வாங்கினால், இரண்டாம் வரிசைப் பெட்டியைத் தூக்கும்போது தூண் கொள்கலனின் கூரையை முட்டும்.

பேட்டரி

மின்சார ஃபோர்க்லிஃப்டின் வேலைநேரத்தை முடிவு செய்வது பேட்டரியே. சிறிய வண்டிகளில் 24 வோல்ட், நடுத்தர வண்டிகளில் 48 வோல்ட், பெரியவற்றில் 80 வோல்ட் என்பது பரவலான வழக்கு. ஈய அமிலக் கலம் ஒன்று 2 வோல்ட் தருவதால், 48 வோல்ட் பேட்டரியில் 24 கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும்.

48 வோல்ட், 600 ஆம்பியர் மணி கொண்ட பேட்டரியில் அடங்கிய ஆற்றல் 28.8 கிலோவாட் மணி ஆகும். ஈய அமிலப் பேட்டரியை 80 விழுக்காட்டுக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், பயன்படுத்தக் கூடியது ஏறத்தாழ 23 கிலோவாட் மணி. தரவுத்தாளில் வண்டியின் மின்நுகர்வு மணிக்கு 5 கிலோவாட் மணி என்று இருந்தால், இடைவிடாத வேலையில் 4 மணி 36 நிமிடம் ஓடும். ஒரு முறைவேலை நேரத்தில் வண்டி காத்திருக்கும் பொழுதும் உண்டு. ஆகவே பல கிடங்குகளில் இது ஒரு முறைக்குப் போதுமானதாக அமைகின்றது. உண்மையில் எவ்வளவு நேரம் வண்டி அசைகின்றது என்பதைச் சில நாட்கள் குறித்துப் பார்ப்பதே சிறந்த வழி.

ஈய அமிலப் பேட்டரிக்கு எட்டு மணி வேலை, எட்டு மணி மின்னேற்றம், எட்டு மணி குளிர்தல் என்பது பழைய தொழில் விதி. எனவே ஒரு முறைவேலை மட்டும் நடக்கும் கிடங்கில் அது சிக்கனமான தெரிவாக இன்றும் உள்ளது. இரண்டு, மூன்று முறை நடக்கும் இடத்தில் மாற்றுப் பேட்டரியும், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அதனைக் கழற்றி மாட்ட உருளை மேடையோ பாரந்தூக்கிச் சங்கிலியோ தேவைப்படும். ஏறத்தாழ 1500 மின்னேற்றச் சுழற்சிகள் தாங்கும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 300 வேலைநாட்கள் வீதம் ஐந்து ஆண்டுகள் வரும். ஆனால் இந்த எண் 25 பாகை செல்சியசு போன்ற மிதமான வெப்பநிலைக்கு உரியது. ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் துறையின் தோராய விதி. தகரக் கூரை வேய்ந்த சென்னைக் கிடங்கின் கோடைக்காலத்தை நினைத்துப் பார்த்தால், ஐரோப்பியப் பட்டியலில் உள்ள ஆயுளை இங்கே எதிர்பார்க்க முடியாதது தெளிவாகும்.

பராமரிப்பும் சிறிதன்று. காய்ச்சி வடித்த நீரை மின்னேற்றம் முடிந்த பின்னரே ஊற்ற வேண்டும். முன்னரே நிரப்பினால் மின்னேற்றத்தின்போது அமிலம் பொங்கி வழியும். அமிலத்தின் ஒப்படர்த்தி நிறைந்த நிலையில் 1.28 அளவிலும், 80 விழுக்காடு வடிந்த நிலையில் 1.14 அளவிலும் இருக்கும். மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில் ஐதரசன் வளி வெளிப்படுகின்றது. காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது வெடிக்கக் கூடியது. காற்றைவிட இலேசான அது கூரையடியில் தேங்கும் என்பதால், மின்னேற்ற அறைக்கு மேற்புறக் காற்றோட்டம் இன்றியமையாதது. கண் கழுவும் குழாயும் அருகில் இருக்க வேண்டும்.

லித்தியம் இரும்பு பாசுப்பேட்டுப் பேட்டரிகளுக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை. இயல்பான மின்னேற்றத்தில் ஐதரசன் வெளிவருவதில்லை. தேநீர் இடைவேளையில் அரைமணி நேரம் மின்னேற்றினாலும் ஆயுள் கெடுவதில்லை. ஆகவே மூன்று முறைவேலைக்கு ஒரே பேட்டரி போதும். முதல் விலை அதிகம். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கலங்கள் பழுதாகும் என்பதால், குளிர்பதனக் கிடங்குகளுக்கு வெப்பமூட்டும் அமைப்புள்ள பேட்டரியோ, வெளியே மின்னேற்றும் ஏற்பாடோ தேவை. வேகமான மின்னேற்றத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 23 கிலோவாட் மணியை ஒரு மணி நேரத்தில் ஏற்ற, இழப்புகளை விட்டுவிட்டாலும், 23 கிலோவாட் திறன் வேண்டும். ஐந்து வண்டிகளை ஒரே உணவு இடைவேளையில் செருகினால் 115 கிலோவாட். கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு அதற்கு இடம் தருகின்றதா என்று வண்டி வாங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தை வைப்போர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லித்தியம் பேட்டரி இலேசானது. ஆனால் பேட்டரி எதிர் எடையின் ஒரு பகுதி என்பதை முன்னரே கண்டோம். வண்டியின் தகட்டில் பேட்டரியின் குறைந்த அளவு எடையும் மிகுந்த அளவு எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். குறைந்த அளவை எட்டும்வரை இரும்புத் துண்டுகளைச் சேர்த்துத்தான் முறையான லித்தியம் பேட்டரிகள் கட்டப்படுகின்றன. அவ்வாறு செய்யாத மலிவான மாற்றுப் பேட்டரியைப் பொருத்தினால், துலாவின் கல்லைக் குறைத்தது போலாகும். தகட்டில் 1500 என்று எழுதியிருந்தாலும் அந்த வண்டி அதனைப் பாதுகாப்பாகத் தூக்காது.

பழைய வண்டி வாங்குதல்

பயன்படுத்திய மின்சார வண்டிகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது பேட்டரியே. முழுதாக மின்னேற்றி, உரிய சுமையோடு ஓட்டி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கின்றது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கலத்தின் ஒப்படர்த்தியையும் அளந்து, ஒன்றிரண்டு கலங்கள் மட்டும் பின்தங்கியுள்ளனவா என்று காண வேண்டும். கவையின் குதிகால், அதாவது நிமிர்ந்த பகுதியும் கிடைப்பகுதியும் சேரும் வளைவு, தொடக்கத் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அக்கவையைக் கழித்துவிடுவது விதி. பத்து விழுக்காடு தேய்ந்த கவையின் வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது, ஏனெனில் வளைவை எதிர்க்கும் வலிமை தடிப்பின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. தூணை உயர்த்தும் சங்கிலி நீண்டுள்ளதா என்பதையும் அளக்க வேண்டும். திறன் தகடு இல்லாத அல்லது படிக்க முடியாத வண்டியை, தயாரிப்பாளரிடம் இருந்து புதிய தகடு பெறும்வரை வேலைக்கு விடலாகாது.